முறுக்கு அச்சு காட்டிய வழி

"அம்மா, நாலு சிலிண்டர் வேணும்" என்று என் பையன் வந்து நின்றபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஒன்றுக்கே மாசம் ஆயிரம் ரூபாயை எட்டுகிறது, நாலு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் கேட்டது கேஸ் சிலிண்டர் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நடந்தது 2023 ஐப்பசியில். பையன் அப்போது ப்ளஸ் ஒன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடியறையில் உட்கார்ந்து பி.வி.சி. ஷீட்டை வெட்டி ஒட்டி, ரிமோட்டில் ஓடும் பொக்லைன் வண்டி ஒன்று செய்துகொண்டிருந்தான். மண் தோண்டுகிற வண்டியைத்தான் சொல்கிறேன். அதன் கை நம் கை மாதிரியே இருக்கும். தோளிலிருந்து வருவது பூம், முழங்கைக்குக் கீழே ஆர்ம், உள்ளங்கைதான் பக்கெட். பூமைத் தூக்க இரண்டு, ஆர்முக்கு ஒன்று, பக்கெட்டுக்கு ஒன்று என்று நாலு சிலிண்டர். நிஜ வண்டியில் எண்ணெயை அழுத்தி இவற்றை நீளவும் குறுகவும் வைக்கிறார்கள். பொம்மை வண்டியில் எண்ணெய்க்கு எங்கே போவது? மோட்டாரால் நீண்டு குறுகும் குழாய் வேண்டும். 'லீனியர் ஆக்சுவேட்டர்' என்று அதற்குப் பெயராம்.

"ரெடிமேடா கிடைக்குதும்மா" என்று செல்போனில் காட்டினான். கனடாவில் ஒரு கம்பெனி செய்கிறது. விரல் பருமன்தான், ரிமோட் ரிசீவரில் நேரே செருகினால் போதும். விலை, ஒன்று 70 டாலருக்கு மேல்! தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து ஒன்று எட்டாயிரத்தைத் தொடும் என்று கணக்குச் சொன்னான். நாலுக்கு 32,000 ரூபாய்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். 32,000 என்றால் எத்தனை ஜாக்கெட் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கப்பா வேலைக்குப் போன காலமா இருந்தா வாங்கித் தரலாம். இப்ப இது ஒண்ணுதான் குறைச்சல்!"

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். இவர் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இரவு சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

என் வீட்டுக்காரர் 19 வருஷம் பொக்லைன் ஓட்டியவர். நாள் முழுக்க அந்த ஆட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு டிஸ்க் விலகி, 2021-ல் டாக்டர் "இனி வண்டியில் ஏறவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு தெரிந்தவர் கடையில் பாதி நாள் கணக்கு எழுதப் போகிறார். முன்பெல்லாம் வேலை விட்டு வந்தால் "இன்னிக்கு பாறைல மாட்டிக்கிட்டோம்" என்று வாய் ஓயாமல் பேசுவார். இப்போது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பையன் எந்த வண்டியைச் செய்கிறான், எதற்காகச் செய்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தே அந்த வார்த்தையைச் சொன்னேன் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வரவில்லை. பேசித் தீர்க்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே கிடையாது.

இரண்டு நாள் கழித்து தீபாவளிக்கு முறுக்குச் சுற்ற உட்கார்ந்தேன். எங்கம்மா எனக்குக் கொடுத்த பித்தளை அச்சு. இப்போது கடையில் விற்கிற இரண்டு கைப்பிடி அச்சு இல்லை. மேலே இருக்கும் பிடியைத் திருகத் திருக, தண்டு இறங்கி மாவைத் தள்ளும் திருகு அச்சு. பாதியில் எண்ணெய் பொங்கியது. அச்சை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைக் குறைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்டு விட்ட இடத்திலேயே நிற்கிறது. மாவு எதிர்த்து அழுத்துகிறது, கையை எடுத்தாயிற்று, ஆனாலும் அது மேலே ஏறவில்லை.

முப்பது வருஷமாக முறுக்குச் சுற்றுகிறேன். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

"டேய், இங்க வாடா! இந்தப் பிடிக்குப் பதிலா ஒரு மோட்டாரை வச்சா நீ கேட்ட சிலிண்டர் ஆகாதா?"

பையன் அச்சை வாங்கி இரண்டு தரம் திருகிப் பார்த்தான். "அம்மா, அந்த எட்டாயிரம் ரூபாய் சாமானுக்குள்ளயும் இதேதாம்மா இருக்கு" என்றான். முறுக்கு அச்சில் மூடி அசையாது, திருகு இறங்குகிறது. அதிலோ திருகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, அதில் ஏறியிருக்கும் நட்டு முன்னும் பின்னும் நகர்கிறது. வித்தை ஒன்றுதான். மரை நெருக்கமாக இருந்தால் கரண்டை நிறுத்தினாலும் பாரம் கீழே சரியாது. தூக்கிய பக்கெட் தூக்கியபடியே நிற்கும்.

ஆனால் உடனே அதைச் செய்துவிடவில்லை. அவனுக்கு எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட வேண்டும். எனக்கும் அவனோடு கடை கடையாகச் சுற்றுவது பிடித்துப் போயிற்று என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதலில் மருந்துக் கடை ஊசிக் குழல். இரண்டு சிரிஞ்சை நடுவில் ட்யூபால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால், ஒன்றை அழுத்தும்போது மற்றது நீளும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அழகாகத்தான் வேலை செய்தது. ஆனால் முதல் சிரிஞ்சை யார் அழுத்துவது? அதற்கும் ஒரு மோட்டார் தண்டு வேண்டும். தவிர ஒரு துளிக் காற்று உள்ளே போனாலும் கை தளர்ந்துவிடுகிறது.

பிறகு வீட்டில் கிடந்த பழைய டி.வி.டி. பிளேயரைப் பிரித்தோம். உள்ளே லென்ஸை நகர்த்த இரண்டு பளபளப்பான கம்பிகளும் சன்னமான திருகு ஒன்றும் இருந்தன. பார்க்க நகைக்கடைச் சாமான் போல அத்தனை நயம். ஆனால் நகர்வது சுமார் 4 சென்டிமீட்டர். வலுவோ பூனைக்குட்டி அளவு. பழைய பிரிண்டரிலும் நல்ல எஃகுக் கம்பியும் பல் வைத்த பெல்ட்டும் கிடைக்கும். பெல்ட் வேகமாக இழுக்கும், ஆனால் மோட்டாரை நிறுத்தினால் பாரத்தைத் தாங்காது. பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன் இவற்றைப் பிள்ளைகளிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சில நாள் போன பிறகுதான் பிரிக்க வேண்டும். பழைய பெரிய டி.வி.யை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும்.

புதுப்பேட்டையில் ஒரு விஷயம் கிடைத்தது. கார் கதவு தானாகப் பூட்டிக்கொள்ள உள்ளே ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்களே, அது. 12 வோல்ட் கொடுத்தால் கம்பி 'டக்'கென்று இரண்டு சென்டிமீட்டர் நீளும். கரண்டை மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகும். பழையது 100 ரூபாய். "அக்கா, காருக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். "பொம்மைக்கு" என்றதும் 20 ரூபாய் குறைத்துக்கொண்டார்! ஆனால் நடுவில் நிற்கத் தெரியாத ஜீவன் அது. ஒன்று இந்தக் கோடி, இல்லை அந்தக் கோடி. டிப்பர் லாரிப் பொம்மைக்குப் பின்கதவு திறக்க அருமையாக இருக்கும். எங்கள் வண்டிக்கு ஆகவில்லை.

என் தையல் மிஷினையும் விட்டுவைக்கவில்லை. சக்கரம் சுற்றினால் ஊசி ஏறி இறங்குகிறதே, அது எப்படி என்று பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினேன். சுற்றுகிற தட்டில் ஓரமாக ஒரு முளை. அதிலிருந்து ஒரு துண்டு ஊசித் தண்டைப் பிடித்திருக்கிறது. விமானப் பொம்மைகளில் வைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டாரின் கையிலும் இப்படி ஒரு கம்பியை மாட்டி இழுக்கலாமாம். சின்ன வேலைக்கு அதுவே மலிவு. பாரம் தூக்கினால் அதன் பிளாஸ்டிக் பல் போய்விடும். எங்களுக்கு மூன்று போயிற்று.

கடைசியில் ரிச்சி தெருவில்தான் விடிந்தது. மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே போகும் அந்தச் சந்தில் நடக்கவே இடம் இருக்காது. அங்கே 'என் 20' என்று ஒரு குட்டி மோட்டார் கிடைக்கிறது. சுண்டுவிரல் அகலம், முன்னால் பல்சக்கரப் பெட்டி. அதிலேயே தண்டுக்குப் பதிலாக நீளமான மரைக் கம்பி வைத்தது ஒரு வகை. விலை 280 ரூபாய். நாலு மில்லிமீட்டர் கம்பி. ஒரு சுற்றுக்கு நட்டு 0.7 மில்லிமீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 300 சுற்று மோட்டார் என்றால் ஒரு செகண்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர். மெதுவாகத்தான் போகும், ஆனால் வலு! முதல் சோதனையில் ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். முனகாமல் தூக்கியது.

மோட்டார் கிடைத்துவிட்டது, குழாய்க்கு என்ன செய்வது? பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் ஞாபகம் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று போகும் பித்தளைக் குழாய்தானே அது! இரண்டு அடுக்கை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டோம். உள்குழாயின் வாயில் பித்தளை நட்டை வைத்துப் பற்ற வேண்டும். பையன் சால்டரிங் வைத்துப் பார்த்தான், கோணலாகப் போயிற்று. நேராக எங்கள் தெரு பத்தரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது என்னம்மா நகை?" என்றார். சொன்னேன். "திருகாணிக்கு மரை போட்ட கைம்மா இது. குடுத்துட்டுப் போ" என்றார். நட்டின் ஆறு மூலையையும் அரத்தால் ராவி, குழாய்க்குள் நேர் பார்த்து வைத்துப் பற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் மருமகளுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன்.

இனி ரிமோட் சொல்வது மோட்டாருக்குப் புரிய வேண்டுமே. அதற்கென்று தனி பலகை விற்கிறார்கள். ஆனால் பல் போன மூன்று சர்வோக்கள் இருந்தனவே, அவற்றின் உள்ளிருக்கும் பலகைகளுக்கு ஒரு கேடும் இல்லை. அதன் சின்ன மோட்டாரைக் கத்தரித்து எறிந்து, அந்த இரண்டு ஒயரில் எங்கள் மோட்டாரை இணைத்தான். உள்ளே கோணத்தை அளக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு இரண்டு சம அளவு ரெசிஸ்டரை வைத்தான். குச்சியை முன்னால் தள்ளினால் மோட்டார் ஒரு பக்கம், பின்னால் இழுத்தால் மறுபக்கம், நடுவில் விட்டால் ஓய்வு. பல் போன சர்வோ இப்படிப் பிழைத்துக்கொண்டது.

இந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை. சால்டரிங் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஈயம் தொட்ட கையோடு பிள்ளைகள் தட்டில் கை வைக்க விடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்த வண்டிகளுக்குப் போடும் லித்தியம் பாட்டரியை அதற்கான சார்ஜரில்தான் போட வேண்டும். மெத்தையில் வேண்டாம், வெறும் தரையில் வையுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிப் போன பாட்டரியைத் திரும்பத் தொடவே கூடாது. நான் சார்ஜ் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பேன்.

மார்கழியில் முதல் சிலிண்டர் தயார். பக்கெட்டில் மாட்டினோம். நீண்டது, இன்னும் நீண்டது, கோடிக்குப் போய் முட்டியது. பையன் குச்சியை விடவில்லை. உள்ளே 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் அசைவே இல்லை. 280 ரூபாய் போச்சு! பல்சக்கரம் நொறுங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கோடிக்குப் போனா தானா நிக்க வழி பண்ணணும்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. எப்போது மாடிக்கு வந்தார் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நிஜ வண்டியில கோடியில முட்டினா ரிலீப் வால்வு எண்ணெயைத் திருப்பி விட்டுடும். இதுல என்ன வச்சிருக்கே?"

ஒன்றும் வைக்கவில்லை. அதுதான் தப்பு. பிறகு இரண்டு கோடியிலும் மைக்ரோ ஸ்விட்ச் வைத்தோம், பத்துப் பத்து ரூபாய். முட்டினால் கரண்டை அது வெட்டிவிடும். அப்புறம் திரும்பி வர கரண்ட் வேண்டாமா என்று நான்தான் கேட்டேன். அதற்கு ஒவ்வொரு ஸ்விட்சோடும் ஒரு டையோடு. ஒருவழிப் பாதை போல, போன திசைக்கு மறித்து, வந்த திசைக்கு வழிவிடும். ஒன்று இரண்டு ரூபாய்கூட இல்லை.

அன்று அதோடு கீழே போய்விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மாலை காபியை மாடிக்கே கொண்டுவரச் சொன்னார்.

பூமுக்கு இரண்டு சிலிண்டர் செய்யத் தொடங்கியபோது, "ரெண்டு எதுக்கு?" என்றார். "நிஜ வண்டியில ரெண்டு இருக்கேப்பா." "அங்க ஒரே எண்ணெய் ரெண்டுக்கும் போகுது. தானா சமமாயிடும். உன் மோட்டார் ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுமா? ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், பூம் முறுக்கிக்கும். ஒண்ணு உழைக்கட்டும். இன்னொண்ணு வெறுங்குழாயா சும்மா கூடப் போகட்டும்."

இப்படி நாலு மூன்றாயிற்று. மோட்டார், ஸ்விட்ச், டையோடு, நட்டு, பழைய ஏரியல் எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டர் 400 ரூபாய்க்குள் முடிந்தது. நொறுங்கிய மோட்டார், பல் போன சர்வோ, பஸ் சார்ஜ் எல்லாவற்றையும் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 2,350 ரூபாய். ரிமோட் மட்டும் என் தம்பி அவனுக்குப் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

தை பிறந்ததும் வண்டி முழுசாக நின்றது. மஞ்சள் பெயிண்ட். ஒரு தாம்பாளம் நிறைய ரவை கொட்டி வைத்தேன், வேறு வழி? பையன் ரிமோட்டை அப்பாவிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டார். இரண்டு குச்சியிலும் கட்டைவிரலை வைத்தார். பூமைத் தூக்க நினைத்து வலது குச்சியைத் தன் பக்கம் இழுத்தார், ஆர்ம் நீண்டது. இன்னொரு தரம் இழுத்தார், மறுபடியும் ஆர்ம். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாரோ?'

"எல்லாம் தப்பா இருக்குடா" என்றார். "வலது கையில பூமும் பக்கெட்டும். இடது கையில ஆர்மும் சுத்தறதும். பத்தொம்பது வருஷம் அப்படித்தான். என் கைக்கு வேற மாதிரி வராது."

மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. இடது குச்சி இன்னொரு தொல்லை. அது விமானத்துக்கான ரிமோட், அந்தக் குச்சி விட்ட இடத்திலேயே நிற்கும், நடுவுக்குத் திரும்பாது. பையன் அதைத் திறந்து உள்ளே ஒரு ஸ்பிரிங் மாட்டினான். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நான் டார்ச் பிடித்தேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! வலது கை இழுத்தது, பூம் எழுந்தது. இடது கை தள்ளியது, ஆர்ம் நீண்டது. பக்கெட் ரவையில் மெல்லச் சரிந்து அள்ளி, உள்பக்கம் மடங்கி, திரும்பி, பக்கத்தில் வைத்த சோப்பு டப்பாவில் கொட்டியது. ஒரு பொட்டு ரவை கீழே சிந்தவில்லை. கையைப் பார்க்கவே இல்லை அவர். பக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கெட்டு ரொம்ப சோம்பேறியா இருக்கு. பூம் மெதுவா வந்தா பரவாயில்லை, பக்கெட்டு சுருக்கா மடங்கணும். இதே மோட்டார் வேகமானது கிடைக்காதா?"

"600 சுத்து இருக்குப்பா. விலை அதேதான். வலு பாதிதான் இருக்கும்."

"பக்கெட்டுக்கு அது போதும். ஞாயித்துக்கிழமை போலாம். நானும் வரேன்" என்றார். ரிச்சி தெருச் சந்தில் அந்த இடுப்போடு எப்படி நடப்பார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நடுவில் உட்காரக் கடைக்காரர்களிடம் ஸ்டூல் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு தரம் அள்ளிக் கொட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, ரவையில தோண்டி என்ன ஆகப்போகுது? தெருக்கோடியில வீடு கட்றாங்களே, அங்க போய் ஒரு சட்டி ஈர மணல் கேட்டு வாங்கிட்டு வாயேன்" என்றார்.

நல்ல பாத்திரமாகப் பார்க்கக்கூட நிற்கவில்லை நான். கையில் கிடைத்த அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.